மூன்றாம் சரணம்

எங்கள் ஊரில் சத்தம் முதன்முதலாக நின்றுபோனது கோயிலின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனையில், புதுப் பாட்டுப் புத்தகத்தின் பசை வாசனை இன்னும் போகாத நேரத்தில். முந்நூறு பேர் எழுந்து நின்று கிணற்றுப் பாட்டின் இரண்டாம் சரணத்தை முடித்துக் கடைசிச் சரணத்துக்கு வாயைத் திறந்தோம், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆர்மோனியத்தின்மேல் சற்குணத்தின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, மேலே மின்விசிறி சுற்றியது, முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை முகம் சிவந்து அழுதது, எதற்கும் சத்தமில்லை. இரண்டு வரி பாடுகிற நேரம்தான். அப்புறம் எல்லாச் சத்தமும் மொத்தமாக வந்து தலையில் விழுந்தது, மிச்சத்தைப் பாடி முடித்து உட்கார்ந்தோம், எங்கள் சபைப் போதகர் வேதமுத்து ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஒருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. அவரவருக்குத் தன் காதில்தான் கோளாறு என்று பயம்.

நற்சாட்சிபுரம் என்ற எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. சிவப்பு மணல், பனை, ஆடி மாதத்தில் ஒரு மணல்மேட்டையே தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைத்துவிடும் காற்று, ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், என்னுடைய பலசரக்குக் கடை, இவ்வளவுதான் ஊர். என் பெயர் தங்கையா, ஊருக்கு அண்ணாச்சி. சபைக் கமிட்டியில் பதினாறு வருஷமாக நான்தான் செயலர். எதையும் சுருக்காக முடிக்கவேண்டும் என்பது என் குணம், ஆராதனை ஐந்து நிமிடம் நீண்டாலும் எனக்குக் கால் நிற்காது. நடந்ததில் என் கை இருக்கிறது, அதை மறைத்துவிட்டுக் கதை சொல்ல எனக்கு முகமில்லை.

கிணற்றுப் பாட்டை உண்டாக்கியவர் மாசிலாமணி என்று கிணறு வெட்டுகிற ஒருவர், என் தாத்தாவின் தாத்தா காலத்தவர். தேரியில் அவர் வெட்டிக்கொண்டிருந்த கிணறு சரிந்து அவர்மேலேயே விழுந்து, ஒன்றரை நாள் மணலுக்கடியில் கிடந்து, உயிரோடு வெளியே எடுத்தபோது குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் இதைப் பாடினார் என்று சொல்வார்கள்.

கிணற்றில் நீராய் இருக்கிறீர்,
கிட்ட வந்து மொண்டு கொண்டேன்.

வழியில் நிழலாய் இருக்கிறீர்,
வந்து சற்றே அமர்ந்து கொண்டேன்.

கடைசிச் சரணம்:

வாசல் விளக்காய் இருக்கிறீர்,
வீடு வந்து சேர்ந்து கொண்டேன்.

இவ்வளவுதான் பாட்டு. ராகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, மூச்சு உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி ஏறி இறங்கும், பல் முளைக்காத பிள்ளையும் பல் போன கிழவரும் ஒரேபோலப் பாடலாம். எத்தனையோ புதுப் பாட்டுகள் கீபோர்டோடும் டிரம்ஸோடும் எங்கள் கோயிலுக்குள் வந்தன, இளைஞர் கூட்டத்தில் கைதட்டிப் பாடினார்கள், வாசல்படி தாண்டியதும் மறந்தார்கள். பனையேறுகிறவன் பாளை சீவும்போது முணுமுணுப்பது கிணற்றுப் பாட்டை, பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுவது அதை வைத்து, பிணத்தைத் தூக்குவதும் அதை வைத்துத்தான். வடக்குத் தெருவில் இசக்கியம்மன் கோயில் பூசாரி வேலாண்டிகூட விளக்குத் திரி திரிக்கும்போது அதைத்தான் முனகுவார். கேட்டால், "பாட்டுக்கு ஏது ஓய் சாமி, நல்லா இருந்தா நாக்குல வரும்" என்பார்.

மூன்றாம் சரணம் ஒன்று இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும், அது என்ன என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. "நேரத்தை முன்னிட்டு ஒன்று, இரண்டு, நான்கு சரணங்களை மட்டும் பாடுவோம்" என்று எந்த ஐயர் எப்போது ஆரம்பித்தாரோ, அதற்குப் பிறகு வந்த அத்தனை ஐயர்மாரும் அப்படியே சொன்னார்கள். யாராவது பழக்கதோஷத்தில் மூன்றாவதுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று, பாட்டுப் புத்தகம் புதிதாக அச்சாகி வரும்போதெல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை மட்டும் கறுப்பு மையால் பூசி, காய வைத்து, அப்புறம்தான் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். பூசினவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் தலைமுறைக்கு மிஞ்சியது பக்கத்தின் நடுவே ஒரு கறுப்புக் கட்டம்.

விழாவுக்குப் புதுப் புத்தகம் போட்டபோது அச்சுப்படியைத் திருத்தியவன் நான். அச்சகக்காரர் போனில் கேட்டார், "அண்ணாச்சி, இந்தக் கறுப்ப அப்படியே போடணுமா?" கடையில் கூட்டம், ஒரு கையில் தராசு. "எதுக்கு அது, எடுத்துட்டு நம்பர மாத்திருங்க" என்றேன். நாலு சரணப் பாட்டு மூன்று சரணப் பாட்டானது. பழைய புத்தகங்களை எல்லாம் திரும்ப வாங்கினோம். வேத எழுத்து உள்ள தாளைக் கடலை மடிக்கப் போடுவது எங்கள் ஊரில் பாவம், ஆகையால் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் குழி வெட்டி, ஐயர் ஜெபம் செய்து, மனுஷரை அடக்கம் செய்வதுபோல அவற்றை அடக்கம் செய்தோம். அதற்கு அடுத்த ஞாயிறுதான் சத்தம் நின்றது.

அது கோயிலோடு நிற்கவில்லை. ஊர் எல்லைக்குள் யார் எங்கே கிணற்றுப் பாட்டைப் பாடினாலும், இரண்டாம் சரணம் முடிந்ததும் ஊர் முழுக்கச் சத்தம் போய்விடும். சும்மா மூக்கால் முனகினாலும் போகும். ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். தவக்காலம் வந்தபோது ஒரு பானை சோறு வேகும் நேரம், சித்திரையில் அரை நாள். அந்த அமைதி தூக்கத்தின் அமைதி போலவோ காட்டின் அமைதி போலவோ இல்லை. யாரோ ஒருவர் பேச எழுந்து பேசாமல் நிற்கிற அமைதி. நம் மூச்சு நமக்கே கேட்காது, செத்துவிட்டோமா என்று மார்பில் கைவைத்துப் பார்க்கவேண்டும்.

எந்த அதிசயத்துக்கும் எங்கள் ஊர் ஒரு வாரத்தில் பழகிவிடும், இதற்கும் பழகியது. மினிபஸ் டிரைவர் எல்லைக் கல்லுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, உள்ளே கையை நீட்டிச் சொடக்குப் போட்டுப் பார்த்து, சொடக்குக் கேட்டால்தான் வருவார். கோயில் கொடிமரத்தில் மணிக்குப் பதிலாகச் சிவப்புத் துணி ஏற்றினோம். தாய்மார் பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைத் தங்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். என் கடையில் ஒரு பலகை மாட்டினேன், வேண்டிய சாமானைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆடுகள்தான் பழகவில்லை, குட்டி கத்துவது கேட்காமல் தாயாடு முட்டி மோதி அலையும், அதைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

பிறகு பொன்னையா செத்தார். வாதத்தில் படுத்திருந்தவர், கட்டிலிலிருந்து சரிந்து தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த அறையில் அந்த அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சத்தம் திரும்பி வந்தபோது அவருக்குக் குரல் இல்லை. அவர் வாய் கூப்பிடுகிற கோணத்திலேயே நின்றுவிட்டதால் அதை மூட முடியாமல் துணி கட்டிப் புதைத்தோம், அடக்கத்தில் எந்தப் பாட்டும் பாடவில்லை.

அன்று மாலையே கமிட்டி கூடிக் கிணற்றுப் பாட்டுக்குத் தடை போட்டோம். தடை போடுவது சுலபம், நாக்கை என்ன செய்வது? எங்கள் வாயைப் பார்த்து நாங்களே நடுங்கிய காலம் அது. பனையேறுகிறவர்கள் வாயில் கருப்பட்டிக் கட்டியை அடக்கிக்கொண்டு ஏறினார்கள். பெண்கள் கிணற்றடியில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நீர் இறைத்தார்கள். வேலாண்டி பூசாரி திரி திரிப்பதையே விட்டுவிட்டுக் கடையில் திரி வாங்கினார். புதுப் பாட்டுகளைப் பாடிப் பார்க்கச் சொன்னார் ஐயர். பாடினோம், பத்து வார்த்தை போவதற்குள் அது ஏறி இறங்கிக் கிணற்றுப் பாட்டாக மாறிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பவர் வாயைப் பொத்துவார். அவ்வளவு எளிமையான பாட்டை மறக்க ஒரு வழியும் இல்லை, மறக்க அதில் அதிகப்படியாக ஒன்றுமே இல்லையே.

ஊரில் அதைக் கொஞ்சமும் நிறுத்த முடியாத ஒரு வாய் இருந்தது. ரூபாவதியின் மகள் எப்சிபா, ஏழு வயது, பிறவியிலேயே கண் தெரியாது. தகப்பன் அதிசயராஜ் மினிபஸ் ஓட்டியவன், மூன்று வருஷத்துக்கு முன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். ரூபாவதி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். எங்களுக்குச் சத்தம் போனால் காது மட்டும்தான் போனது, கண் இருந்தது, வானம் இருந்தது, பக்கத்தில் ஆள் நிற்பது தெரிந்தது. அந்தப் பிள்ளைக்குச் சத்தம் போனால் உலகமே போனது. சத்தம் திரும்பியதும் ஊரே பெருமூச்சு விடும், அவள் மட்டும் நெடுநேரம் கையால் தரையைத் தடவிக்கொண்டிருப்பாள், தரை இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பி வர முந்தியதைவிட அதிக நேரம் ஆனது. ஒரு நாள் திரும்பாமலே போய்விடுவாள் என்று ரூபாவதி பயந்தாள், சமையல்கூடத்திலும் மகளின் கையை விடாமல் ஒற்றைக் கையால் கிளறினாள்.

பயம் வந்தால் எப்சிபா பாடுவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து அது, தகப்பன் மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. பயத்தில் அவள் பாட, பாட்டில் சத்தம் போக, சத்தம் போனதில் பயம் இன்னும் கூட, திரும்பி வந்ததும் மறுபடி பாட, இப்படியே ஆனது. ஊர் அவள் வாயைப் பார்க்க ஆரம்பித்தது. அவள் தெருவில் வந்தால் ஜன்னலைச் சாத்தினார்கள். அவள் இருமினாலும் பெரிய ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வைகாசியில் ஒரு நாள் காலையிலிருந்து மாலைவரை சத்தம் போனது, அதுவரை போனதில் மிக நீண்டது அதுதான், அன்று ஒரு கன்றுக்குட்டி யாரும் கேட்காமல் கிணற்றில் செத்தது. எல்லாரும் எப்சிபாவைச் சொன்னார்கள். பாடியது அவளில்லை. நான் குளித்துக்கொண்டிருந்தேன், தலையில் தண்ணீர் விழுந்த சுகத்தில் என் வாய் பாடிவிட்டது. மாலையில் ரூபாவதி வீட்டுமுன் கூட்டம் கூடியபோது நானும் கூட்டத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

ஆனி மாதக் கடைசியில் கமிட்டி முடிவு எடுத்தது. தொலைவில் கண் தெரியாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது, அங்கே எழுதிக் கேட்டோம், வருகிற திங்கட்கிழமை வேன் அனுப்புவதாகச் சொன்னார்கள். செயலர் என்ற முறையில் நான்தான் போய்ச் சொன்னேன். ரூபாவதி தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள், பிள்ளை அவற்றை விரலால் தடவி எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படித்தான் அவள் மகளுக்கு உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அங்க படிப்பும் குடுப்பாவ, சாப்பாடும் குடுப்பாவ" என்றேன்.

"பிள்ள படிக்கதுக்கா அனுப்புதிய?" என்றாள் ரூபாவதி. "நான் அனுப்புனா படிக்கப் போறான்னு சொல்லலாம். நீங்க அனுப்புனா அதுக்கு வேற பேரு அண்ணாச்சி."

"ஊரு பயப்படுதும்மா."

"பயம் ஊருக்கு மட்டுமா? எம்பிள்ளையத் தெரியாத எடத்துல விட்டுட்டு, அங்கயும் இது பொறத்தாலயே போச்சின்னா யாரு அவ கையப் பிடிப்பா?"

அப்போது எப்சிபா புளியங்கொட்டையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: "மாமா, அப்பா புஸ்தகத்துல அந்தப் பாட்டுக்கு நாலு இருக்கும்."

"இருக்கும் தாயி. மூணாவதுல மை பூசியிருக்கும்."

"மை எனக்கு எப்பிடித் தெரியும்? கோயில்ல அப்பா மடியில இருந்து தாளத் தடவிக்கிட்டே இருப்பேன். நாலு எடத்துலயும் பள்ளம் பள்ளமா இருக்கும், கோலம் கணக்கா. அப்ப எனக்கு எழுத்துத் தெரியாது. இப்பத் தெரியும்லா?"

பழைய புத்தகங்கள் ஈய எழுத்தில் அழுத்தி அடித்தவை, எழுத்து தாளில் பதிந்திருக்கும். மை கண்ணைத்தான் மறைக்கும். அதை யோசிக்க எங்களில் ஒருவருக்கும் விரல் இல்லை.

அன்றே புத்தகக் குழியைத் தோண்டினோம். தேரி மண்ணின் கறையான் ஆறு மாதத்தில் அறுநூறு புத்தகத்தையும் தின்று முடித்திருந்தது, அட்டையின் நூல்கூட மிச்சமில்லை, ஈரமான மண்தான் கையில் வந்தது. எங்கள் ஊரில் செத்தவர் தலைக்கடியில் அவருடைய பாட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் பெட்டியை மூடுவோம், ஆகையால் மிச்சமுள்ள புத்தகம் எல்லாம் பெட்டிகளுக்குள். அவற்றையும் கறையான் விட்டிருக்காது. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், தன் அப்பன் குழியைத் தோண்டிவிடுவார்களோ என்று அவரவருக்கு நடுக்கம்.

ரூபாவதி மெதுவாகச் சொன்னாள், "அவுக புஸ்தகம் இருக்கும். பஸ்ஸோட காயிதம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருப்பாவ. மழையில நனையக்கூடாதுன்னு புஸ்தகத்த அதுல போட்டு, நூலச் சுத்தி, நாந்தான் தலமாட்டுல வச்சேன்."

ஐயர் அவளிடம் இரண்டு தடவை கேட்டார். கட்டாயம் இல்லை என்றார். அவள் சனிக்கிழமை காலையில் மண்வெட்டியோடு என் கடைக்கு வந்து நின்றாள். "வாங்க அண்ணாச்சி. எனக்குப் பயமா இருக்கு, ஆனா திங்கக்கிழம வேன் வந்திரும்" என்றாள்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஊரே நின்றது, ஒருவரும் கிட்டே வரவில்லை. ஆண்கள் வேலிக்கு அந்தப் பக்கம், பெண்கள் இன்னும் தள்ளி. தோண்ட வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர், நான், சற்குணம், வேலாண்டி பூசாரி. தோண்டத் தோண்டக் காற்று மணலை மறுபடி உள்ளே தள்ளியது. ரூபாவதி மேட்டில் மகளைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள், குழியைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்சிபா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள், அத்தனை பேர் தன் வாயைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

என் மண்வெட்டி பெட்டிமேல் பட்டது, கறையானுக்குப் பல் ஏறாத பனைவைரப் பலகை. டொக் என்று ஒரு சத்தம், உள்ளே வெற்றிடம் இருக்கிற சத்தம், யாரோ உள்ளிருந்து தட்டியதுபோல. நான் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன், என்னை அறியாமல் என் வாய் திறந்து, கிணற்றில் நீராய் இருக்கிறீர் என்று ஆரம்பித்தது. சற்குணம் பாய்ந்து என் வாயைப் பொத்துவதற்குள் வழியும் நிழலும் முடிந்துவிட்டன. ஊர் முழுவதும் பார்க்க, தடை போட்ட செயலர் வாயிலிருந்து அது வந்தது, காற்றின் சத்தம் அப்படியே நின்றது.

அதற்கு மேல் நடந்தது எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. வேலாண்டி பலகையின் தலைமாட்டை நெம்பினார், நான் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன், விரலில் பிளாஸ்டிக் பட்டது, இழுத்தேன். கவர் மங்கிப் போயிருந்தது, உள்ளே புத்தகம் முழுசாக இருந்தது. மேலே ஏறியபோது எப்சிபாவைப் பார்த்தேன். அவள் வாய் பெரிதாகத் திறந்திருந்தது, அலறிக்கொண்டிருந்தாள், கைகள் எதையோ பிடிக்கத் தேடின, தாய் இறுகக் கட்டிப் பிடித்திருப்பதுகூட அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பொன்னையாவின் வாயும் அதே கோணத்தில்தான் இருந்தது. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை, என் பயம் எனக்காக இல்லாமல் இருந்ததும் அதுதான் முதல் தடவை.

நான் பக்கத்தைப் புரட்டினேன், கறுப்புக் கட்டம் இருந்தது. ரூபாவதி மகளின் ஆட்காட்டி விரலைப் பிடித்து அந்தக் கறுப்பின் தொடக்கத்தில் வைத்தாள். விரல் உதறியது, மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை விரல் நின்றது. கொஞ்சம் நகர்ந்தது, திரும்பி வந்தது, எதையோ தேடிக் கண்டுபிடித்தாற்போல் மெதுவாக மேலே போனது. புளியங்கொட்டையில் படித்த விரல் அது, பெரிய எழுத்துக்குப் பழகியது, இந்தப் பொடி எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு நேரம் எடுத்தது. வேலிக்கு அப்பால் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். பிள்ளையின் உதடு அசைய ஆரம்பித்தது.

ரூபாவதி மகளின் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். அவள் முகம் மாறியது. என் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தாள். அந்தச் சின்னத் தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது, ஏறி இறங்கி, எனக்குத் தெரிந்த அதே ஏற்றம், அதே இறக்கம். அவள் பாடிக்கொண்டிருந்தாள், தன் காதுக்கே கேட்காத பாட்டை, கேட்காது என்று தெரிந்தே பாடிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன், பலசரக்குக் கடை அண்ணாச்சி ஊர் பார்க்க அழுதேன்.

அப்போது காற்று வந்தது, ஆட்டின் கத்தல் வந்தது, யாரோ விம்முவது வந்தது, எல்லாவற்றுக்கும் நடுவே பிள்ளையின் குரல், பாதி வரியிலிருந்து: "...பாடிக் கொண்டேன்."

"மறுபடி சொல்லு தாயி" என்றார் ஐயர்.

எப்சிபா விரலைத் திரும்பக் கறுப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, சத்தமாகப் பாடினாள்.

அழைத்தும் பேசா திருக்கிறீர்,
அச்சத் தோடே பாடிக் கொண்டேன்.

ஒன்றரை நாள் மணலுக்கடியில் கிடந்த மனுஷர் கூப்பிட்டிருக்கிறார், பதில் வரவில்லை, பயந்திருக்கிறார், அதை ஒளிக்காமல் பாட்டில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு கோயிலில் நின்று ஆண்டவர் எனக்குப் பதில் சொல்லவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல எங்கள் முன்னோர்களுக்குக் கூச்சம். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் நேரத்தை முன்னிட்டு. பூசாரி வேலாண்டி மட்டும் மண்ணைத் தட்டிக்கொண்டே, "இதைப் போயா மறச்சு வச்சிய?" என்று கேட்டார்.

அங்கேயே, திறந்த குழிக்குப் பக்கத்தில், நாலு சரணமும் பாடினோம். இரண்டாவது முடிந்ததும் எல்லாரும் அடுத்தவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டோம், சத்தம் போய்விடும் என்று. போகவில்லை. கடைசிச் சரணத்தைப் பாடிக்கொண்டே பலகையைச் சரிசெய்து அதிசயராஜை மறுபடி மூடினோம், அவன் புத்தகத்தை மட்டும் அவன் மகள் வைத்துக்கொண்டாள். ரூபாவதி மேட்டின்மேல் மணலைக் கையாலேயே தட்டிச் சமப்படுத்தினாள். வைகாசியில் பாடியது யார் என்று அன்றே எல்லார் முன்னிலும் நான் சொல்லிவிட்டேன். ரூபாவதி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் போதும். திங்கட்கிழமை வேன் வந்தது, டிரைவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து வெறும் வண்டியாக அனுப்பினோம்.

இப்போது எங்கள் கோயிலில் எந்தப் பாட்டிலும் எந்தச் சரணத்தையும் விடுவதில்லை. பதினொரு சரணப் பாட்டுக்குப் பதினொன்றும் உண்டு, ஆராதனை முடிய மதியம் ஆகிவிடுகிறது, வீட்டில் சோறு குழைகிறது, செயலர் வாயைத் திறப்பதில்லை. கிணற்றுப் பாட்டின் மூன்றாம் சரணம் வரும்போது மட்டும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திடுக்கிடும்படி, முந்நூறு பேரும் பக்கத்தில் நிற்பவரின் தொண்டையில் கை வைத்துக்கொள்வோம். சத்தம் அதன்பிறகு ஒருநாளும் போனதில்லை, ஆனாலும் யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பயமாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு இரண்டாம் சரணம் முடியும்போது எப்சிபா பெண்கள் பக்கத்திலிருந்து பெஞ்சுகளைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தாள், எட்டி என் தொண்டையில் கை வைத்தாள். அது சும்மா இருந்தது. அழைத்தும் என்று எல்லாரும் ஆரம்பித்தார்கள், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை, பலகையில் மண்வெட்டி பட்ட சத்தம் காதுக்குள் கேட்டது.

"பாடுங்க மாமா."

"பயமா இருக்கு தாயி."

அவள் கையை எடுக்கவில்லை. "அப்பம் பயந்துக்கிட்டே பாடுங்க" என்றாள். "அப்படித்தான் எழுதியிருக்கு, நான் தொட்டுப் பாத்தேன்."

பாடினேன்.